அழுதாலும் அவிழ்க்காதீர்கள்

சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று கேட்டிருந்தீர்கள். இடஒதுக்கீட்டுப் போராட்டம், ரோட்டில் மரம், தபால் போகவில்லை என்று நீங்களே யூகித்திருப்பீர்கள். அது பாதிக் காரணம்தான்.

மீதிக் காரணம்... நான் வைத்து எழுதுகிற பரீட்சை அட்டை, என் மனைவி சாவித்திரியின் கையில் கட்டியிருந்தது!

கள்ளக்குறிச்சியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுப்பவள் அவள். விரல்கள்தான் பிழைப்பு. என் கிறுக்கலை டைப் அடித்து இங்கே அனுப்புவதும் அவளேதான். கச்சிராயபாளையத்தில் அவள் தம்பி ஏழுமலை வெல்லம் காய்ச்சுவதைப் பார்க்கப் போயிருந்தோம். கொதிக்கிற பாகோடு அகப்பை அவன் கையிலிருந்து நழுவியது. இவள் சும்மா நின்றிருக்கக் கூடாதா? வலது உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துவிட்டாள்.

கள்ளக்குறிச்சி டாக்டரம்மா மருந்து போட்டார். விரல்களை விரித்து, அடியில் மாவுக்கட்டுப் பட்டை வைத்துக் கட்டினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உள்ளங்கைப் புண்ணு சார். கையை மூடிக்கினா அவங்களுக்குச் சுகமா இருக்கும். மூட விட்டீங்கன்னா அப்படியே இறுகிடும். அப்புறம் ஆபரேஷன்தான். அழுதாலும் அவிழ்க்காதீங்க.”

புண் ஆறுவது நல்லதுதானே, ஏன் இறுகவேண்டும்? கேட்டேன். பொறுமையாகச் சொன்னார்.

உடம்பு என்றால் செல்கள் மட்டும் இல்லையாம். செல்களுக்கு வெளியே, அவற்றைத் தாங்கிப் பிடிக்கப் புரதத்தால் ஆன ஒரு வலை உண்டு. காயம் பட்டதும் ஃபைப்ரின், ஃபைப்ரோநெக்டின் என்று இரண்டு புரதங்கள் அங்கே அவசரமாகச் சாரம் கட்டும். அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேரும் செல்கள், கொலாஜன் என்ற நாரைப் பின்னும். பின்னிய நாரை இழுத்து இழுத்தே புண்ணை மூடும். அந்த நார் இல்லாவிட்டால் ஒரு வெட்டுக்காயம்கூட ஆறாது. ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பின்னிக்கொண்டே போனால்? அதுதான் ஃபைப்ரோசிஸ். ஈரலில் நடந்தால் ஈரல் இறுகும். நுரையீரலில் நடந்தால் மூச்சு முட்டும். உள்ளங்கையில் இழுத்தால்... விரல்கள் நிமிராது.

தன்னால்தானே என்று ஏழுமலை விடவில்லை; கச்சிராயபாளையம் திரும்பி அவன் வீட்டிலேயே தங்கினோம். மருந்து தீர்ந்து, வாங்கிவர நான் கள்ளக்குறிச்சி போன அன்றுதான் மறியல் தொடங்கியது. மரங்களை வெட்டி ரோட்டில் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, ஜீப் இல்லை. அங்கேயே சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் நடந்தே கிளம்பினேன். விழுந்து கிடந்த புளியமரங்களை ஏறித் தாண்டி வந்து சேர்ந்தபோது, சாவித்திரி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். கை இறுக மூடியிருந்தது. மாவுக்கட்டைக் காணோம்!

“ஏழுமல! கட்டு எங்கடா?”

“அக்கா அழுதுகினே கெடந்துச்சு மாமா. பாக்க முடில. நீங்க போன அன்னிக்கே அவுத்து அடுப்புல போட்டுட்டேன்.”

பகலெல்லாம் மறியலில் நின்று மரம் சாய்த்தவன், அக்கா அழுததும் சாய்ந்துவிட்டான். அவளுக்கு ஜுரம் வேறு. கள்ளக்குறிச்சிக்கு நடத்திக் கூட்டிப்போக முடியாது. இனி ஒரு நாள் விட்டாலும் கை போய்விடுமோ?

வெந்நீரை ஆறவைத்து, ஒட்டிக்கிடந்த துணியை ஊறவைத்தேன். ஆட்காட்டி விரலை மெள்ள நிமிர்த்தினேன். வீடே அதிரும்படி அலறினாள்.

“விடுங்கன்றேன்ல! இன்னா மனுசன்யா நீ!”

“உட்டுடுங்க மாமா! அக்கா உசுரே போயிடும்போல!”

“கை போச்சுன்னா டைப்ரைட்டர் முன்னாடி நீயா உக்காருவ? புடிடா தோள!”

பிடித்தான். அவனும் அழுதான். புண்ணைக் கிழித்துவிடுவேனோ என்று எனக்குப் பயம். விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அதைவிடப் பயம். ஒவ்வொரு விரலாக நிமிர்த்தி, மருந்து வைத்து, புதுத் துணி சுற்றி, பரீட்சை அட்டையின் மேல் விரித்துக் கட்டினேன். வேறு பலகை எதுவும் கைக்கு அகப்படவில்லை.

“கை சரியாவட்டும்... மொத அடி உங்க முதுவுலதான் உழும்!” என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை.

வழி திறந்ததும் டாக்டரம்மாவிடம் ஓடினோம். அட்டையை அவிழ்த்தார். “விரிங்க” என்றார். நான் கையைப் பார்க்கவில்லை. சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பரவால்லியே... தப்பிச்சிட்டீங்க” என்ற சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் மக்கர். புண் மூடியதும் தேங்காய் எண்ணெய் தடவி நீவி, தினமும் விரித்துப் பழகினால் அதுவும் வழிக்கு வருமாம்.

ஏழுமலையின் பாசமும் அந்தக் கொலாஜன் மாதிரிதான் போலிருக்கிறது. இல்லாவிட்டால் ஒட்டாது. மிஞ்சினால் முடக்கிவிடும். நம்மில் எத்தனை பேர் வீட்டில் இப்படி அன்பாகவே முடக்கிவைத்திருக்கிறோமோ!

இதைக் கையால்தான் எழுதுகிறேன். டைப் அடிக்க அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அட்டை என்னிடம் திரும்பிவிட்டது. கையில் எண்ணெய் நீவிக்கொண்டிருந்தவள் எப்போது பின்னால் வந்தாளோ... முதுகில் சப்பென்று ஒன்று விழுந்தது.

“ஐயோ, உனக்குக் கை வலிக்குமே!” என்றேன்.

“வலிக்கட்டும்” என்றாள். சிரித்தாள்.

சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். எண்ணெயில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. துவைக்கப் போடவில்லை.