கண்மாய்க் கரை வேகத்தடை

என் மனைவி பட்டாசுத் தொழிற்சாலையில் இறக்கவில்லை. சிவகாசிப் பக்கம் இதைச் சொன்னால் ஒரு நிமிஷம் சந்தேகமாகப் பார்ப்பார்கள். வேலை முடிந்து வரும் வேன் எங்கள் ஊரில் ரோட்டின் எதிர்ப்புறமே இறக்கிவிடும். சுற்றி வந்து விட டிரைவருக்கு நேரமிருக்காது. அப்படி இறங்கிக் கடந்தபோது லாரி அடித்துவிட்டது. காலமெல்லாம் வெடிமருந்தோடு மல்லுக்கட்டியவள், வீட்டைப் பார்த்தபடியே போய்விட்டாள்.

அந்த இடத்தில் ஒரு வேகத்தடை கேட்டு மனு கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே இருந்தேன். விருதுநகரில் கலெக்டர் ஆபீஸ் டீக்கடைக்காரர் என் தலையைக் கண்டதுமே சர்க்கரை இல்லாத டீயை ஆற்றத் தொடங்கிவிடுவார். ஒருவழியாகச் சாலைப் பாதுகாப்பு நிதியில் பணம் ஒதுக்கினார்கள். பொறியாளர் வந்து, நான் காட்டிய இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார். அன்று வீட்டுக்குப் போய் அவள் படத்திடம் வாய்விட்டுச் சொன்னேன். வேறு யாரிடம் சொல்ல?

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி எங்கள் ஊர்தான். கிராம சபையில் முதலில் எழுந்தவள், என் மனைவியோடு ஒரே அறையில் வேலை பார்த்தவள்.

“அண்ணே, கோவிச்சுக்கிடாதீக. சீசன்ல அம்புட்டு பட்டாசு லோடும் இந்த வழிதான் போகுது. எங்க வாசல்ல லாரி தூக்கிப் போட்டா என்ன ஆகும்? அங்கன ஊருக்கு வெளிய, கண்மாய்க் கரையில போடச் சொல்லுங்க.”

“கண்மாய்க் கரையில யாரு தாயி வேன விட்டு எறங்குறாக?”

கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் என் கை மட்டும். அவள் கையில் முழங்கை வரை தீக்காயத் தழும்பு. அந்தக் கையும் கண்மாய்க்குத்தான் உயர்ந்தது. அவளிடம் கோபப்படக்கூட முடியவில்லை. கோபமாவது எனக்குத் துணைக்கு இருந்திருக்கும்.

ஊர் சொன்னபடியே வேகத்தடை கண்மாய்க் கரையில் வந்தது. வெள்ளைப் பட்டையெல்லாம் அடித்து அழகாகத்தான் இருக்கிறது. ஆடுகள் சௌகரியமாகக் கடக்கின்றன.

இங்கே, வேன் வரும் நேரத்துக்கு நானே சிவப்புத் துண்டோடு ரோட்டில் நிற்கிறேன். லாரிக்காரர்கள் வைதுகொண்டே நிறுத்துகிறார்கள். பெண்கள் கடந்து போகிறார்கள். தழும்புக் கைக்காரி மட்டும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கடைசி ஆள் இந்தப் பக்கம் வந்த பிறகும் நான் வேன் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

போன வாரம் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். “எல்லாரும் எறங்கியாச்சு அண்ணாச்சி. வீட்டுக்குப் போங்க.”