விமல்ராஜ் கொடுத்த இ-ரீடர்

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தை ஒட்டிய ஒரு தங்கும் விடுதியில் புகழேந்திக்கு ரிசப்ஷன் வேலை. எத்தனை பேர் எரிந்து விழுந்தாலும் முகம் சுளிக்க மாட்டான். விமல்ராஜ் என்ற பெயரைக் கேட்டால் மட்டும் அவனுக்கு வயிறு எரியும். விமல்ராஜ், புகழேந்தியின் மனைவி இனியாவோடு நர்சிங் படித்தவன். இப்போது கனடாவில் இருக்கிறான்.

அன்றைக்கு இனியா பீரோவைக் குடைந்து மின்புத்தகம் படிக்கிற ஒரு இ-ரீடரை எடுத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அதை அவள் தொட்டதே இல்லை.

"யார் குடுத்தது?"

"விமல்தாங்க. கனடாவுக்குப் போறப்ப குடுத்துட்டுப் போனான்."

விமலாம்! புகழேந்தி பல்லைக் கடித்துக்கொண்டான்.

லேப்டாப்பில் செருகிப் பார்த்தாள். அரைமணி ஆகியும் விளக்கு எரியவில்லை.

"செத்துடுச்சு போல," என்றாள்.

"இவ்ளோ நாள் சும்மா கெடந்தா பேட்டரி தாங்குமா? தூக்கிப் போடு. புதுசு வாங்கித் தரேன்."

புகழேந்திக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. விடுதிக்கு வருகிறவர்களிடம் அவன் இதைப் பார்த்திருக்கிறான். அடியோடு சார்ஜ் இறங்கினால் ரொம்ப நேரம் உயிர் இருப்பதே தெரியாது. லேப்டாப்பிலிருந்து வரும் கரண்டும் கம்மி, லேப்டாப் தூங்கிவிட்டால் அதுவும் நின்றுவிடும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

இனியா வாடிய முகத்தோடு ஆஸ்பத்திரிக்கு டியூட்டிக்குக் கிளம்பினாள்.

தனியாக இருந்தவனை இன்னொரு எண்ணம் அரித்தது. உள்ளே அந்த விமல்ராஜ் என்ன எழுதி வைத்திருப்பான்? போட்டோ இருக்குமோ? தாங்க முடியாமல் தன் போன் சார்ஜரைச் சுவரில் மாட்டி, இ-ரீடரைச் செருகினான். உலை வைத்துவிட்டு வந்து பார்த்தான், ஒன்றுமில்லை. துணி உலர்த்திவிட்டு வந்தான், அப்போதும் ஒன்றுமில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது ஓரத்தில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி எரிந்தது.

சாயங்காலம் திரை விழித்தது. மேலேயே 'விமல்ராஜ்' என்று பெயர். ஒவ்வொன்றாகத் திறந்து தேடினான். நர்சிங் புத்தகங்களும் நாலைந்து நாவல்களும்தான் இருந்தன. ஏமாற்றமா நிம்மதியா என்று அவனுக்கே புரியவில்லை. பெயரை மட்டும் அழித்துவிட்டு 'இனியா' என்று மாற்றினான்.

"அய்யோ, ஓடுதே! எப்டிங்க?" வீட்டுக்கு வந்தவள் துள்ளினாள். அப்புறம் திரையைப் பார்த்து நின்றாள். "பேர மாத்துனீங்களா?"

"ம்."

"உள்ள என்ன இருக்குனு பாக்கத்தான சார்ஜ் போட்டீங்க?"

அவன் காது சிவந்தது. இனியா திட்டவில்லை. சிரித்துக்கொண்டே கட்டிலில் சாய்ந்து படிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் அதற்குப் பாஸ்வேர்டு வந்துவிட்டது. என்ன பாஸ்வேர்டு என்று கேட்கப் பலமுறை வாய் வரை வரும், புகழேந்தி விழுங்கிக்கொள்வான்.