செல்லத்துரை அண்ணையின் மிச்சப் பதினொரு பக்கங்கள்

செல்லத்துரை அண்ணை எழுதிய ஓர் அமெரிக்க வழக்கறிஞரின் வாழ்க்கை வரலாற்றைப் பாதியில் வெட்டி, அந்தப் பாதியின் கீழே அவர் பெயரைப் போட்டுச் சங்கத்தின் ஆண்டு மலரில் அச்சிட்டோம். நமது சங்கம் அவருக்குச் செய்த அநியாயம் இது. போன செவ்வாய் காலை அவர் மனைவி தொலைபேசியில், "அவர் போயிட்டார்" என்றார். அடுத்த மூச்சில், "அவர் எழுதிக் குடுத்த கொப்பி இன்னும் திரும்பி வரேல்லை" என்றார்.

யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியிடம் எழுத்தராக இருந்தவர், மெல்பேணில் நூலகமொன்றில் புத்தகம் அடுக்கினார். அப்படி அடுக்கும்போது கையில் அகப்பட்டதுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வழக்கறிஞர் ஒருவரின் வரலாறு. இரவல் புத்தகத்தில் சட்டம் படித்து, தப்பியோடிய அடிமைகளுக்காக நீதிமன்றத்தில் நின்று, பிறகு அரசியலுக்குப் போனவர். வேலை முடிந்து வெரிபீ போகும் ரயிலில் வரும்போது அண்ணை எனக்கு அந்தக் கதையைச் சொல்லுவார். "எங்கட அப்புக்காத்தர்" என்பார்; ஊரில் வழக்கறிஞரை அப்படித்தான் சொல்லுவோம். பள்ளிக்கூடம் அதிகம் காணாத எனக்கு அப்புக்காத்தர் சொந்தக்காரர் போலாகிவிட்டார். இரண்டு முறை இறங்கும் நிலையத்தைத் தவறவிட்டேன்.

அரசியலில் உயர்ந்த அதே மனிதர், சீனத் தொழிலாளரை நாட்டுக்குள் விடாத சட்டத்துக்குக் கை தூக்கினார் என்று அண்ணை ஒருநாள் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது.

"இதை ஏன் எழுதுறியள்? விடுங்கோவன்."

"அடிமையளுக்காக நிண்டதை எழுதின கை, இதையும் எழுதவேணும்."

எழுதினார். மலர்க் கூட்டத்தில் செயலாளர் மறித்தார். "அண்ணை, இந்த நாடு நிறம் பாத்து ஆள் மறிச்சதை நிப்பாட்டி எத்தினை வருசம்? இப்பதான் உள்ளுக்கை வந்திருக்கிறம். மண்டபம் தந்த வெள்ளைக்காரர் என்ன நினைப்பினம்?"

"மலர் தமிழிலை. அவைக்கு வாசிக்கத் தெரியுமோ?" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணை சிரிக்கவில்லை. செயலாளரைக் காட்டினார். "எங்களுக்கு வாசிக்கத் தெரியும். அதுதான் தம்பிக்குப் பயம்."

மலரைப் பிரதியெடுக்க ஸ்டென்சில் தாளில் கையால் எழுதியவன் நான். செயலாளர் அண்ணையின் கொப்பியில் முன்பாதியை மட்டும் பிரித்துத் தந்தார். "மிச்சம்?" என்றேன். "இடமில்லை" என்றார். எழுதிக் கொடுத்தேன். மிச்சம் வரவேண்டிய பக்கத்தில் புடவைக் கடையின் வாழ்த்து வந்தது.

மலரோடு அண்ணை என் வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்காரவில்லை. "எழுத்து வடிவாய்த்தான் இருக்கு. ஆனா கதை பாதியிலை நிக்குது, எங்கட அப்புக்காத்தர் இன்னும் சாகேல்லையே" என்றார். பிறகு அவர் என்னோடு ரயிலில் வரவில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பேச்சு ஒன்றுதான்.

இரங்கல் கூட்டத்தில் மாலை போடுவதற்கு முன், செயலாளர் தம் அலுமாரியிலிருக்கும் கொப்பியை அண்ணையின் மனைவி கையில் கொடுக்க வேண்டும். சங்கத் தலைவர், அச்சிடாமல் விட்ட கடைசிப் பதினொரு பக்கங்களையும் அதே மேடையில், ஒரு வரி விடாமல் வாசிக்க வேண்டும். நான் அவற்றை ஸ்டென்சிலில் எழுதுவேன். இந்த வாரத்துக்குள்ளேயே எழுதி முடிப்பேன். மலர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதை என்னிடம் கொண்டுவர வேண்டும். பாதியின் கீழிருக்கும் அவர் பெயரை நானே கோடிட்டு அடித்துவிட்டு, அந்தப் பக்கங்களையும் சேர்த்து, பதினோராம் பக்கத்தின் அடியில் எழுதித் தருவேன்.