அக்காவின் கார்டு

அக்கா இறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஷா ஆலம் அலுவலகத்தில் மீட்டிங்கில் இருந்தபோது என் போன் அதிர்ந்தது. அவளுடைய கார்டு கிள்ளானில் ஒரு பூக்கடையில் பயன்படுத்தப்பட்டிருப்பதாக வங்கியிலிருந்து மெசேஜ்.

அந்தக் கார்டு என் கணக்கில் அவள் பெயருக்கு நான் வாங்கிக் கொடுத்தது. அத்தானுக்குக் கார்டு என்றாலே ஆகாது. பெட்ரோலுக்குக்கூட உள்ளே போய் நோட்டைக் கொடுத்துவிட்டு வருவார். அக்காவுக்கு எது வேண்டுமானாலும் அவர் பர்சைத் திறக்க வேண்டும். கார்டு கைக்கு வந்தபோது அவள் சிரித்தாள். "தட்டுனா உனக்கு மெசேஜ் வருமா? அப்ப நான் எங்க சுத்துறேன்னு உனக்குத் தெரிஞ்சிடும் லா."

அவள் போன பிறகு அதை ரத்து செய்ய எனக்கு மனம் வரவில்லை.

பூக்கடையை அடுத்து மளிகைக் கடை. பிறகு மருந்துக் கடை. கோயிலுக்குப் போகும் முன் அவள் நுழையும் அதே கடைகள், அதே வரிசையில். அடுத்த வெள்ளியும் அப்படியே வந்தது. கார்டைத் திருடியவன் மல்லிகைப்பூவா வாங்குவான்? வங்கிக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. மூன்றாவது வெள்ளிக்கு லீவு போட்டுவிட்டு கிள்ளானுக்குப் போனேன்.

பூக்கடைக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். தேநீர் ஆறிப்போனது. போகிற வருகிற பெண்களின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தத் திருடனையும் நான் தேடவில்லை. அக்காவைத்தான் தேடினேன்.

வந்தது அத்தான். தோளில் அக்காவின் துணிப்பை.

நான் சாலையைக் கடந்து அவர் பின்னால் போய் நின்றேன். பூக்காரப் பெண் சரத்தை வெட்டிக்கொண்டே கேட்டாள்: "என்ன அங்கிள், அக்கா இன்னைக்கும் கார்லயேவா?"

"ஆமாம்மா. வெயில் ஒத்துக்க மாட்டேங்குது அவளுக்கு."

கார்டை எடுத்து மெஷினில் தட்டினார். என் கையில் போன் அதிர்ந்தது.

திரும்பியவர் திடுக்கிடவில்லை. "வந்துட்டியா," என்றார், என்னை எதிர்பார்த்திருந்தவர் போல. மற்ற கடைகளுக்கும் அவரோடு நடந்தேன். மருந்துக் கடையில் அக்காவின் முட்டிவலித் தைலத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் கேட்டேன்.

"ஏன் அத்தான், உங்ககிட்ட காசு இல்லையா?"

"காசு குடுத்தா யாருக்கும் தெரியாது. இதத் தட்டுனா உனக்குப் போகும்னு அவ சொல்லியிருக்கா. அவ வெளிய வந்திருக்கானு ஒரு ஆளுக்காவது தெரியட்டுமே."

கார் மரநிழலில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஏர்கான் போட்டிருந்தது. முன்னிருக்கையில் யாரும் இல்லை. பெல்ட் மட்டும் குறுக்கே இழுத்து மாட்டியிருந்தது. கதவைத் திறக்கப் போனேன்.

"பின்னால ஏறிக்கம்மா," என்றார் மெதுவாக.

ஏறிக்கொண்டேன். பூப்பொட்டலத்தை அந்த இருக்கையில் வைத்தார். அங்கே பழைய பூ காய்ந்து சருகாகக் கிடந்தது. சாலையில் வேகத்தடை வந்தபோதெல்லாம் காரை ஏறக்குறைய நிறுத்தி ஏற்றினார். இடது பக்கம் திரும்பி, "குளிருதா?" என்றார். என்னைக் கேட்கவில்லை என்று தெரியும்.

திங்கட்கிழமை வங்கிக்குப் போன் செய்தேன். ரத்து செய்ய என்ன காரணம் என்று கேட்டார்கள். லைனைத் துண்டித்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்துக் கார்டின் காலம் முடிந்து, புதியது என் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் தபாலில் வந்தது, அவள் பெயரோடு. கிள்ளானுக்குக் கொண்டுபோய் அத்தான் கையில் கொடுத்தேன்.

போன வெள்ளிக்கிழமை மெசேஜ் வரவில்லை. பதினொன்றரை வரை பார்த்தேன். பிறகு போன் செய்தேன்.

"காய்ச்சல் லா, எந்திரிக்க முடியல," என்றார் அத்தான்.

மாத்திரை போட்டாரா என்று கேட்க வாயெடுத்தேன். "அப்ப அக்கா இன்னைக்குப் போகலையா?" என்றுதான் கேட்டேன்.