போலீஸ் சிஸ்டரும் நீளக் குழாயும்

நர்ஸ் சிரிஞ்சின் உறையைப் பிரிக்குமுன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். காலாவதித் தேதியை வாய்விட்டுப் படிக்கிறார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். "பாப்பா கையை ஆட்டினாளா? உண்மையைச் சொல்லுங்க."

குழந்தைகள் வார்டில் இந்த நர்ஸுக்குப் 'போலீஸ் சிஸ்டர்' என்று பெயர். வைத்தது தாய்மார்கள். அது அவருக்கும் தெரியும். எந்தத் தாய் என்றுதான் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

என் மகளுக்கு ஆறு வயது. கால் எலும்பில் சீழ். மூன்று வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற வேண்டும். புறங்கையில் போடும் கேனுலா என்ற குட்டைக் குழாய் இரண்டே நாளில் வீங்கிவிடும், மறுபடி ஊசி. ஐந்து முறை குத்தியாயிற்று. இனிக் குத்த நரம்பு இல்லை என்று பெரிய டாக்டர் முழங்கைக்கு மேலே நீளக் குழாய் ஒன்றை வைத்தார். இதுவும் போனால் கழுத்தில்தான் என்றார்.

சிஸ்டர் அந்த நீளக் குழாயை எள்ளளவும் நம்பவில்லை. "குட்டைக் குழாய் கெட்டுப்போனா வீங்கிக் காட்டிக்கொடுத்துடும். இது உள்ளுக்குள்ள என்ன பண்ணுதுன்னு யாருக்குத் தெரியும்?" வேளைக்கு ஒரு தரம் நாடாவால் கையைச் சுற்றி அளப்பார். குழாய் இல்லாத கையையும் விடமாட்டார். "வலிக்கலை" என்று மகள் சொன்னால், "அம்மா சொல்லச் சொன்னாங்களா?" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

பத்தாம் நாள் காலை, மருந்து ஏற்றும் மெஷின் கத்தியது. பயிற்சி டாக்டர் ஓடிவந்தார். "அடைச்சிருச்சு. எடுத்துடலாம்" என்று பிளாஸ்திரியின் முனையைப் பிடித்தார். ஒன்பது நாளாக அந்தக் குழாயைத் திட்டித் தீர்த்த சிஸ்டர், சட்டென்று அதன்மேல் கையை வைத்தார்.

"அடைச்சிருச்சுன்னு யார் சொன்னா?"

"மெஷின் சொல்லுதே, சிஸ்டர்."

"மெஷினை நீங்க நம்புங்க."

மற்றக் கையால் மருந்துப் புட்டியிலிருந்து இறங்கும் குழாயைத் தடவிக்கொண்டே வந்தார். தலையணைக்கு அடியில் விரல் நின்றது. மருந்தை நிறுத்தும் கிளிப் மூடியிருந்தது. முதலில் என்னை முறைத்தார். பிறகு எதையோ யோசித்தார்.

"புட்டி மாத்தும்போது மூடினேன். திறக்கலை. நான்தான்."

அவருடைய சந்தேகப் பட்டியலில் அந்த ஒரு பெயர் விட்டுப்போயிருந்தது.

கிளிப்பைத் திறந்தார். மெஷின் அடங்கியது. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சிஸ்டரின் உள்ளங்கை மட்டும் என் மகளின் கையைப் பொத்தியபடியே இருந்தது.