நிறுத்தியவருக்கு முதல் கோப்பி

என் சமையல் மேசையில், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புப் பொத்தான் கிடக்கிறது. உள்ளங்கையை நிறைக்கும் வட்டத் தலை, அடியில் குட்டையான தண்டு. இத்தாலியர் அதைக் காளான் என்றுதான் சொல்வார்கள். தொழிற்சாலையில் ஏதும் பிழையானால் ஓங்கி அடித்து எல்லா இயந்திரங்களையும் ஒரேயடியாக நிறுத்துகிற பொத்தான் அது. பல காலம் வெயிலும் உப்புக்காற்றும் பட்டுச் சிவப்பு வெளிறிவிட்டது. போன கிழமை துறைமுகத்துக்குப் பக்கத்து ஐஸ் தொழிற்சாலையில் பழைய கொன்ட்ரோல் பெட்டியைக் கழற்றியபோது, இதை மட்டும் குப்பையில் போட மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மொண்டெல்லோவுக்குப் போய் எஞ்சினியரம்மாவிடம் கொடுக்க வேண்டும்.

எஞ்சினியரம்மா என்பது நாங்கள் தமிழில் வைத்த பெயர். அவர் பலெர்மோவிலேயே பிறந்து வளர்ந்த சிசிலிக்காரி. எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எது நின்றால் எது நிற்க வேண்டும் என்று இயந்திரங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெட்டிகளைச் செய்து பூட்டுவது அவர் தொழில். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு கொழும்பு, ஒரு கப்பல், நாப்போலி, கடைசியில் பலெர்மோ. மொண்டெல்லோக் கடற்கரையில் குடை விரித்தேன், வுச்சீரியாச் சந்தையில் கோப்பை கழுவினேன், நடக்க முடியாத ஒரு முதியவரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்தினேன். அந்த முதியவர் இறந்தபோது என் வேலை ஒப்பந்தமும் முடிந்துபோயிற்று. வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்துராப் பொலிஸ் அலுவலகத்தில் போய் வரிசையில் நிற்பதில் பிரயோசனமில்லை. எஞ்சினியரம்மா அந்த முதியவரின் மருமகள். சவ அடக்கம் முடிந்து தேவாலய வாசலில் நின்றபோது, ஏணியில் ஏறப் பயமா என்று கேட்டார். இல்லை என்றேன். "வயர் இழுக்க ஆள் வேண்டும். ஐஸ் தொழிற்சாலை ஓடத் தொடங்கும்வரை பார்ப்பேன். சரிவந்தால் ஒப்பந்தம்," என்றார்.

அவர் வேலை செய்யும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. இழுத்த வயரை அவர் நம்பமாட்டார். ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். நான் ஏணியில் ஏறி, ஒரு சென்சருக்கு முன்னால் இரும்புத் துண்டைக் காட்டி, "இருக்கா?" என்று கத்துவேன். கீழே பெட்டியில் விளக்கு எரிந்தால் "இருக்கு!" என்பார். இரும்பை எடுத்ததும் "இல்லை!" என்பார். காலை முழுக்க இருக்கு, இல்லை, இருக்கு, இல்லை. என் அரைகுறை இத்தாலியன் அதற்குத் தாராளமாகக் காணும்.

தொடங்கும் நாள் காலையில் மீன்பிடிப் படகுகள் ஐஸுக்காக வெளியே காத்துக் கிடந்தன. முதலாளி இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். ஐஸ் கட்டிகள் பெல்ட்டில் வந்து, பற்கள் சுழலும் ஒரு பெட்டிக்குள் விழுந்து நொறுங்க வேண்டும். எஞ்சினியரம்மா என்னைக் கூப்பிட்டுக் காளானுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"எங்களில் ஆகப் புதியவர் யாரோ, அவர்தான் இதில் நிற்பது. நாங்கள் பார்த்துப் பார்த்துக் கண் பழகிப்போன ஆட்கள்."

"எப்போது அடிப்பது?"

"சந்தேகம் வந்தால்."

"சந்தேகம் பிழை என்றால்?"

"எல்லாரும் கோப்பி குடிப்போம். நிறுத்தியவருக்கு முதல் கோப்பி."

அதுவரை இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த கட்டளைகளில் பாதி 'அதைத் தொடாதே' என்பதுதான். இப்போது ஒரு முழுத் தொழிற்சாலையையும் என் உள்ளங்கைக்குக் கீழே வைத்துவிட்டார்கள்.

கொன்ட்ரோல் பெட்டிக்குள் டிக், டிக் என்று சத்தம் வந்தது. பெல்ட் அசைந்தது. முதல் கட்டி விழுந்து நொறுங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். அப்போதுதான் பெல்ட்டுக்குக் கீழே, பற்களுக்குக் கிட்ட, ஏதோ அசைவதைக் கண்டேன். துணியோ, ஒருவரின் கையோ, தெரியவில்லை. கொஞ்சம் முன்னர் ஒரு மெக்கானிக் அந்தப் பக்கம் குனிந்திருந்தார். அடித்தேன்.

எல்லாம் நின்றது. பெல்ட்டுக்கு அடியிலிருந்து ஒரு சாம்பல் பூனை வெளியே வந்து, வாலைத் தூக்கிக்கொண்டு முதலாளியின் சப்பாத்தை உரசிப் போயிற்று.

"ஏய், அதனிடம் பெர்மெஸ்ஸோ இருக்கா என்று கேட்டியா?" என்றான் ஒரு எலக்ட்ரீஷியன். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. பற்களுக்குள் அரைக்கட்டி இறுகிவிட்டது, அதைக் கிளறி எடுக்காமல் திரும்பத் தொடங்க முடியாது. வெளியே ஒரு படகுக்காரன் ஹோர்ன் அடித்தான். முதலாளி எஞ்சினியரம்மாவிடம் பாய்ந்தார்.

"பூனைக்குத் தொழிற்சாலையை நிறுத்துகிறவனை எங்கே பிடித்தாய்? இவனை அனுப்பு. இல்லாவிட்டால் நீயும் போ, இந்த ஊரில் வேறு எஞ்சினியரா இல்லை?"

நான் கையுறைகளைக் கழற்றத் தொடங்கினேன். அழவில்லை, கோபமும் வரவில்லை. இனி யார் ஒப்பந்தம் தருவார்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

எஞ்சினியரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இவரை அனுப்பினால், அடுத்ததாக இங்கே நிற்கிறவர் பெல்ட்டைப் பார்க்கமாட்டார். உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். அன்றைக்குக் கீழே இருப்பது பூனையாக இராது." பிறகு கருவிப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். "கோப்பி வராமல் நான் தொடங்கமாட்டேன்."

அந்தத் தொழிற்சாலை ஒப்பந்தம் கைவிட்டுப் போயிருந்தால் அவரும்தான் கஷ்டப்பட்டிருப்பார். எனக்கு அது பிறகுதான் தெரியும். அவரைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். படகுகள் விடாமல் ஹோர்ன் அடித்தன. கடைசியில் முதலாளியே வெளியே போய்த் தட்டில் கோப்பி கொண்டுவந்தார். என் முகத்தைப் பாராமல் முதல் கோப்பையை நீட்டினார். சீனி இல்லை. வேண்டுமா என்று அவர் கேட்கவும் இல்லை. அந்தக் கசப்பை ஒரே வாயில் குடித்தேன்.

அப்போது பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு நிலத்தட்டு அறையில் மன்னார்க்காரர் ஒருவரோடு இருந்தேன். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஓடத் தொடங்கின முதல் நாளே ஃபக்டரியை நிப்பாட்டிப்போட்டு வந்து நிக்கிறாய். எழும்பி அடுப்பை மூட்டு, இனி உனக்கு இதுதான் வேலை."

"இல்லை அண்ணை. கொன்ட்ராத்தோ தாறன் எண்டு சொன்னவ."

"மெய்யே?"

"ஓம்."

"அப்ப அந்தப் பூனைக்கு ரெண்டு மீன் வாங்கிக் குடடாப்பா!"

உண்மையாகவே பல்லரோவில் மத்தி வாங்கிக்கொண்டு போனேன். பூனை மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. துறைமுகத்துப் பூனைக்கு மீனுக்கா பஞ்சம்?

ஒப்பந்தம் வந்தது, பெர்மெஸ்ஸோவும் கிடைத்தது. ஓரிடத்தில் நிற்காத எனக்கு, ஓரிடத்தில் நிற்காத தொழிலும் அமைந்தது. மாவு ஆலை, வைன் கிடங்கு, மலையில் தண்ணீர் ஏற்றும் நிலையம் என்று அவரோடு தீவு முழுக்க அலைந்தேன். வயர் இழுத்தவன் வயர் பூட்டப் பழகினேன், பிறகு வரைபடம் பார்த்துப் பெட்டி கட்டினேன். ஒவ்வொரு தொடக்கத்திலும் காளானுக்குப் பக்கத்தில் ஒரு புதியவர் நின்றார். முழங்கால் ஏணிக்கு மறுத்ததும் எஞ்சினியரம்மா வேலையை ஒரு இளம் எஞ்சினியரிடம் கொடுத்துவிட்டு மொண்டெல்லோவில் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

போன கிழமை அதே ஐஸ் தொழிற்சாலைக்குப் புதுப் பெட்டி. இளம் எஞ்சினியர் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் திரையில் ஓட்டிப் பார்த்தாயிற்று என்றார். இருந்தாலும் காளானில் யார் நிற்பது என்று என்னைப் பார்த்தார். சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் பழைய ஆட்கள். ஆகப் புதியவர், இந்த மாதம்தான் மிலானோவிலிருந்து வந்து பொறுப்பெடுத்த முதலாளியம்மா. பழைய முதலாளியின் மகள்.

"நானா? எப்போது அடிப்பது?" என்று கேட்டார்.

"சந்தேகம் வந்தால், சிஞ்ஞோரா."

பெல்ட் ஓடியது. முதல் கட்டி நொறுங்கியது. இரண்டாவது வருவதற்குள் அவர் அடித்துவிட்டார்.

எல்லாம் நின்றது. குனிந்து பார்த்தோம். கீழே ஒன்றும் இல்லை, பூனைகூட இல்லை. "ஏதோ சத்தம் கேட்டது மாதிரி…" என்றார். முகம் சிவந்துவிட்டது. வெளியே படகுகள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கின. அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

நான் முந்தியே வாங்கி வைத்திருந்த கோப்பிப் போத்தலைத் திறந்து முதல் கோப்பையை ஊற்றினேன். "சீனி எவ்வளவு போட?" என்று கேட்டேன்.

மேசையில் கிடக்கும் பொத்தானை இப்போது ஈரத்துணியால் துடைத்தேன். உப்புக் கறை போகிறது, நடுவில் வெளிறிய இடம் மட்டும் போகவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எஞ்சினியரம்மா முதலில் கேட்கப்போவது எனக்குத் தெரியும்: யார் நின்றது, கோப்பி வந்ததா? இரண்டு கரண்டி சீனியோடு வந்தது என்று சொல்லி, இதை அவர் கையில் வைப்பேன்.