எனக்கும் துருவைக் கொடுங்கள்

ரெஜினா அக்கா இறந்துபோன செய்தி ரெஜினா அக்காவின் எண்ணிலிருந்தே வந்தது. "ரெஜினா இன்று காலை இறைவனில் இளைப்பாறினார். அடக்கம் நாளை மாலை." கேம்ப் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி, தலையில் ஹெல்மெட்டோடு அதைப் படித்தேன். எனக்குத் துக்கம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. செத்தவர் எப்படி மெசேஜ் அனுப்புவார்? எவனோ எண்ணைத் திருடிவிட்டான், அடுத்து ஓடிபி கேட்பான் என்று நினைத்துப் பதில் போடாமல் இருந்தேன். பத்து நிமிடம் கழித்து மனசு கேட்காமல் கூப்பிட்டபோது எடுத்தவர் அவருடைய கணவர் அமல்ராஜ் அண்ணன். "மெய்தான் தம்பி. காலைல நெஞ்சு வலின்னா, ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சு. எல்லார் நம்பரும் அவ போன்லதான் கீது, அதான் அதுலயே போட்டுட்டேன்" என்றார்.

அக்கா உயிரோடு இருந்து இதைக் கேள்விப்பட்டிருந்தால் என்னைத் திட்டியிருக்க மாட்டார், மெச்சியிருப்பார். அவரோடு பழகிய உங்களுக்குத் தெரியும், அவர் லேசில் எதையும் நம்பாதவர். எங்கள் அலுவலகம் சேலையூரில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் இருக்கிறது. படிகள் பதினேழு. எங்களோடு வேலை பார்த்த மூன்று வருடமும் தினம் எண்ணிக்கொண்டுதான் ஏறினார். "எத்தனை நாளா ஏர்றீங்க, இன்னுமா எண்ணறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "நேத்து பதினேழு இருந்துச்சு. இன்னிக்கும் பதினேழுதான்னு நீ கையெழுத்து போட்டுத் தருவியா தம்பி?" என்றார்.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ரெஜினா அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். அந்த வேலையே இல்லாமல் போனபிறகு எங்களிடம் வந்தார். நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து வீடியோ கேம் செய்கிறோம். மூடிக்கிடக்கும் ஒரு பழைய லாட்ஜுக்குள் புகுந்து, அறை அறையாகப் புதிர்களை அவிழ்த்து, காணாமல்போன தங்கையைத் தேடும் கேம் அது. புதிர்களை யோசிப்பது என் வேலை. திரை தெரியாதவர்களும் ஆடும்படி அதற்கு ஒரு குரல் வழியும் வைத்தோம். எதிரே என்ன இருக்கிறது, கையில் என்ன இருக்கிறது என்று ஒரு குரல் சொல்லும். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஆடிப் பார்த்துக் குறை சொல்வதற்காக அக்காவைக் கூப்பிட்டோம். குறை சொல்ல இப்படியொரு ஆள் வேறெங்கும் கிடைத்திருக்காது.

முதல் நாள் நாங்கள் அவரைப் பேட்டி எடுப்பதாக ஏற்பாடு. நடந்தது தலைகீழ். நாற்காலியைக் கோலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தவர், "எங்களுக்காக கேம்ல இதெல்லாம் பண்றீங்களே, எங்க மேல பாசமா? இல்ல எவனாவது லிஸ்ட் குடுத்து டிக் போடச் சொன்னானா?" என்று கேட்டார்.

"லிஸ்ட்தான்க்கா. வெளியிடற கம்பெனி கேக்குது" என்று உளறிவிட்டேன்.

"அப்பாடா! பாசம்னு சொல்லியிருந்தா இப்படியே பஸ் ஏறியிருப்பேன்."

யாரோ பக்கத்திலிருந்து, பார்வை இல்லாதவர்களுக்குக் காது கூர்மையாமே என்றார்கள். "காது எல்லாருக்கும் ஒரே காதுதான். நீங்க யூஸ் பண்றதில்ல" என்று சொல்லிவிட்டு டீயை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

லாட்ஜின் வரவேற்பறையில் ஒரு மேஜை, அதன் இழுப்பறைக்குள் இரண்டு சாவிகள். ஒன்று கதவைத் திறக்கும், இன்னொன்று பூட்டுக்குள் உடைந்து சிக்கிக்கொள்ளும். அந்த இடத்துக்கு வந்ததும் அக்கா ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

"போலிச் சாவின்னு சொல்லுதே, அது போலின்னு இதுக்கு யாரு சொன்னது?"

"அது நாங்க உள்ளுக்குள்ள வெச்சுக்கிட்ட பேருக்கா. அப்படியே குரல்ல போயிடுச்சு."

"கண்ணு தெரியறவங்களுக்குப் போலின்னு எழுதி ஒட்டியிருக்கா?"

"இல்லக்கா. அந்தச் சாவில கொஞ்சம் துரு இருக்கும். கவனிச்சாத்தான் தெரியும்."

"அப்ப எனக்கும் துருவைக் குடுங்க. விடைய ஏன் குடுக்கறீங்க?" என்றார். குரல் உயரவில்லை, ஆனால் கோபம் தெரிந்தது. "ரொம்ப ஈஸியா இருந்துச்சுன்னா, எனக்குப் பதிலா வேற யாரோ ஆடிட்டாங்கன்னு அர்த்தம் தம்பி." அன்றைக்கே குரலை மாற்றினோம். இப்போது அது, 'ஒரு சாவி வழவழப்பாக இருக்கிறது, இன்னொன்று விரலில் பொடியாக ஒட்டுகிறது' என்று மட்டும் சொல்லும். அக்கா வேண்டுமென்றே தவறான சாவியை எடுத்தார், உடைத்தார், விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்து நாங்கள் செய்த மடத்தனத்தைத் தமிழர்கள் மட்டும்தான் செய்ய முடியும். கேமில் 'பார்' என்று ஒரு பொத்தான் இருந்தது. பார்வை இல்லாதவரிடம் போய் 'பார்' என்று எப்படிச் சொல்வது, மனசு புண்படாதா என்று கூடிக் கூடிப் பேசி, குரல் வழியில் மட்டும் அதை 'அறிக' என்று மாற்றிவைத்தோம். அக்கா அதைக் கேட்டதும் ஹெட்போனைக் கழற்றினார். "இதென்ன கல்வெட்டா? நான் டிவி பாக்கறேன், மாப்பிள்ளை பாத்து தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணியிருக்கேன், இப்ப உங்களத்தான் பாக்க வந்திருக்கேன். தொட்டுப் பாரு, கேட்டுப் பாருன்னு ஊரெல்லாம் சொல்லுது. அதுல இருக்கற 'பார்' உங்க அப்பன் வூட்டு சொத்தா?" பொத்தான் பழையபடி 'பார்' ஆயிற்று. எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் 'பாக்கறேன்' எனக்குள் முள்ளாக நின்றுவிட்டது.

ஏனென்றால் நான் ஒரு சந்தேகப் பிராணி. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சிறுசேரியில் பெரிய கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் கூட இருந்தவன் என் வேலையைத் தன் பெயரில் காட்டினான். அன்றிலிருந்து எவரையும் முழுசாக நம்பியதில்லை. கேமில், லாட்ஜின் இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் ஐந்து ட்யூப்லைட் வைத்திருந்தேன், நான்காவது மட்டும் லேசாகத் துடிக்கும், அதன் கீழேதான் ரகசியம். அந்த இடத்துக்கு இன்னும் குரலே எழுதியிருக்கவில்லை. அப்படியிருக்க அக்கா அனுப்பிய குறிப்பில் இப்படி இருந்தது: "ஐந்து விளக்கையும் பார்த்தேன். நான்காவது சரியில்லை. புதிர் நன்று."

எப்படிப் பார்த்தார்? இந்த அம்மாவுக்குக் கொஞ்சமாவது கண் தெரியும், வேலைக்காக மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். அதற்குப் பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பினாலும் சந்தேகம், பேனாவைத் தேடாமல் எடுத்தாலும் சந்தேகம். நேராகக் கேட்கும் நேர்மை எனக்கு இல்லை. ஒரு பொறி வைத்தேன்.

தாழ்வாரத்தின் முடிவில் இரண்டு கதவுகள். அக்கா வீட்டில் ஆடிப் பார்க்க அனுப்பிய பிரதியில் மட்டும், திரையில் பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன். "இதைப் படிக்க முடிகிறவர்கள் இடது கதவைத் திறக்க வேண்டாம்." குரல் அதைப் படிக்காது. 'இடது கதவு பக்கத்தில் இருக்கிறது' என்று மட்டும் சொல்லும். பார்வை இல்லாதவர் இடது கதவைத்தான் திறப்பார். திறக்கவில்லை என்றால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் காலை பதிவைத் திறந்தேன். கேமில் யார் எந்தப் பொத்தானை அமுக்கினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அக்கா கதவுகள்வரை வந்திருக்கிறார். இடது கதவைத் திறக்கவில்லை, வலது கதவையும் திறக்கவில்லை. கேமை மூடிவிட்டிருக்கிறார். மாட்டினீர்களா என்று மனசுக்குள் துள்ளினேன். அந்தத் துள்ளலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஒரு மணி நேரத்தில் பிழைப் பட்டியலில் அக்காவின் குறிப்பு வந்தது, என் பெயருக்கு. "கதவுகளுக்கு முன்னால் திரையில் ஒரு வரி இருக்கிறது. குரல் அதைப் படிக்கவில்லை. என் கணவர் படித்தார். இது தெரியாமல் வந்திருந்தால் பிழை. தெரிந்து வைத்திருந்தால் பெரிய பிழை."

அமல்ராஜ் அண்ணன் மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். எழுத்து எது கண்ணில் பட்டாலும் வாய்விட்டுப் படித்துவிடுவார். கடைப் பலகை, கல்யாண போஸ்டர், மாத்திரை அட்டை எதுவானாலும் சரி. மனைவிக்காகத் தொடங்கிய வழக்கம் அவருக்கு மூச்சுவிடுவதுபோல ஆகிவிட்டது. எனக்கு அது தெரியாது. அக்கா வீட்டில் அப்படி ஒரு மனிதர் இருப்பார் என்று யோசிக்கவே இல்லை.

அந்த வரியை எடுத்துவிட்டு, 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதினேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிழை ஏன் வந்தது என்று செய்தவர் காரணம் எழுத வேண்டும், அதைப் பதிந்தவர் ஒப்புக்கொண்டு மூட வேண்டும். அக்கா மூடவில்லை. "காரணம் எங்கே?" என்று திருப்பி அனுப்பினார். 'கவனக்குறைவு' என்று எழுதினேன். "இல்லை" என்று ஒரே சொல்லில் திரும்ப வந்தது.

அன்றிலிருந்து அவர் என்னைத் 'தம்பி' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "முரளி சார், இந்தப் படி சத்தம் சரியில்ல." "முரளி சார், டீ வந்துடுச்சு." மரியாதையில் ஒரு குறையும் இல்லை. மற்ற எல்லாரும் தம்பி, பாப்பா. நான் மட்டும் சார். எட்டு மாதம் அந்தச் 'சார்' என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஒரு வரி எழுதினால் போதும், பழைய தம்பி ஆகிவிடலாம். எழுதக் கை வரவில்லை.

இடையில் எங்கள் ஒலிப் பொறுப்பாளர் திவ்யாவிடம் தாழ்வாரத்தைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். "அஞ்சு ட்யூப்லைட்டுக்கும் சத்தம் வெச்சு, நாலாவதுல மட்டும் சோக் உறுமற மாதிரி பண்ணேனே, நீ கேட்டதே இல்லையா?" என்றாள். ஹெட்போன் போட்டுக் கேட்டேன். இருந்தது. நான் நூறு முறை நடந்த தாழ்வாரம். அதோடு தெளிந்திருக்க வேண்டாமா? திவ்யா முன்பே அக்காவிடம் சொல்லிக் கொடுத்திருப்பாளோ, கணவர் படித்தார் என்பதும் ஜோடித்த கதையோ என்று புத்தி அங்கேயும் போய் மோப்பம் பிடித்தது.

அடக்கத்துக்குக் கீழ்க்கட்டளைக்குப் போனோம். குறுகலான தெரு, ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள். கூடத்தில் பெட்டிக்குள் அக்கா. வருகிறவர்கள் மலர்வளையம் வைத்தபடி இருந்தார்கள். பெட்டியின் தலைமாட்டில் அமல்ராஜ் அண்ணன் நின்றிருந்தார். ஒவ்வொரு வளையம் வரும்போதும் குனிந்து அதன் ரிப்பனில் இருந்ததை அக்காவின் காதருகே வாசித்துக்கொண்டிருந்தார். "தங்கச்சி குடும்பம் வெச்சிகீது ரெஜினா. இது பழைய ஆபீஸ், டெலிபோன் செக்‌ஷன். இது ஜெபக்குழு." நாங்கள் வைத்தோம். "உன் கேம் கம்பெனிமா. எல்லார் பேரும் போட்டுகீறாங்க" என்று சொல்லி எங்கள் பத்துப் பேரின் பெயரையும் படித்தார். என் பெயரையும் படித்தார். நான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் சந்தேகம் செத்தது அங்கேதான், அக்காவுக்கு ஒருநாள் பிந்தி.

அண்ணன் என்னைத் தேடிக்கொண்டு வெளியே வந்தார், தண்ணீர் கொடுத்தார். தானாகவே பேச ஆரம்பித்தார். "உங்க ஆபீஸ்ல எவனோ ஒருத்தன் இவளுக்குக் கண்ணு தெரியுமான்னு டெஸ்ட் வெச்சான் தம்பி. நாந்தான் வாய் சும்மா இல்லாம படிச்சிட்டேன். இன்னாத்துக்குப் படிச்ச, படிக்காம வுட்டிருந்தா நான் நேரா இடது கதவத் தொறந்திருப்பேன்னு கத்தினா. இப்பத் தொறந்தாலும் பொய், தொறக்காட்டியும் அவன் நெனச்சதுதான் சரின்னு ஆயிடும்னு சொல்லி ஆஃப் பண்ட்டா. அன்னிக்கு ஒரு வாய் சோறு துண்ணல. யாருன்னு எவ்வளவோ கேட்டேன். கடைசி வரைக்கும் பேரைச் சொல்லல. நல்ல பையன்தான், அவனே சொல்லுவான்னு மட்டும் சொன்னா."

டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை அலுவலகம் வந்ததும் அந்தப் பிழைக்குக் காரணம் எழுதினேன். "முரளி ரெஜினா அக்காவை நம்பவில்லை." ஒப்புக்கொண்டு மூடுவதற்கு அவர் இல்லை. வேறு யாரும் மூடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். கேம் வெளியாகி ஊர் முழுக்க ஆடினாலும் அந்த ஒன்று என் பெயரில் திறந்தே கிடக்கும். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.

அமல்ராஜ் அண்ணா, இந்த அஞ்சலி உங்கள் கைக்கு வரும். வழக்கம்போல வாய்விட்டுத்தான் படிப்பீர்கள். இந்த வரிக்கு வரும்போது குரலைக் குறைக்க வேண்டாம். அந்த ஒருத்தன் நான்தான்.